ஒண்ணுக்கு ரெண்டு

சேலத்திலிருந்து ஒரு வாசகர். வயது 26. 'பெயரைப் போட்டுவிடாதீர்கள் சார்' என்பதை இரண்டு முறை அடிக்கோடிட்டிருக்கிறார். போடவில்லை.

விஷயம் இதுதான். ஆபீஸில் நாலு தடவை, வீட்டில் மூணு தடவை, ஆக ஒரு நாளைக்கு ஏழு தடவை ஒண்ணுக்குப் போகிறாராம். ஒவ்வொரு தடவையும் மேனேஜர் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறாராம். போன வாரம் எல்லார் எதிரிலும், "என்னப்பா, வாஷர் போயிடுச்சா?" என்று கேட்டுவிட்டாராம். அன்று முதல் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். 'இது வியாதியா? அடக்கினால் கிட்னி கெட்டுவிடும் என்கிறார்களே, நிஜமா?' என்று கேட்கிறார்.

மேனேஜர் விஷயத்தில் என்னால் உதவ முடியாது. மற்ற இரண்டுக்கும் பதில் உண்டு. ஏழு என்பது கௌரவமான எண்ணிக்கை. ஆறிலிருந்து எட்டு வரை சாதாரணம். தண்ணீரும் காபியும் அதிகம் உள்ளே போனால் இன்னும் ஒன்றிரண்டு கூடும். (ராத்திரி மூணு நாலு தடவை எழுந்து போகிறீர்கள், தாகமும் வாட்டுகிறது என்றால் சர்க்கரை டெஸ்ட் எடுத்துவிடுங்கள். ஏன் என்பது கொஞ்ச நேரத்தில் வரும்.) அடக்குவதைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால், சரக்கு எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம்.

கிட்னி எங்கே இருக்கிறது என்று கேட்டால் அநேகம் பேர் தொப்புளுக்குக் கீழே கையை வைப்பார்கள். அது அங்கே இல்லை. முதுகுப் பக்கம், கடைசி விலா எலும்புகளை ஒட்டி, முதுகெலும்புக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. வலது பக்கம் மேலே கல்லீரல் இடத்தை அடைத்துக்கொள்வதால் அந்தப் பக்கத்து ஆசாமி கொஞ்சம் கீழே இறங்கியிருப்பார். ஒவ்வொன்றும் உங்கள் கை முஷ்டி அளவு, 150 கிராம் சுமார். இரண்டையும் சேர்த்துத் தராசில் வைத்தால் கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே.

இந்தக் கால் கிலோவுக்கு உடம்பு கொடுக்கும் மரியாதையைப் பாருங்கள். இதயம் பம்ப் பண்ணும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல், நிமிஷத்துக்கு ஒரு லிட்டருக்கும் அதிகமாக, நேராக இங்கே வருகிறது. எடைக்கு எடை பார்த்தால் மூளைக்குக்கூட இவ்வளவு கிடையாது. பையன்கள் கிண்டலாக, "மச்சி, கொஞ்சம் கிட்னியை யூஸ் பண்ணுடா" என்பார்கள். அது அவ்வளவு அபத்தமில்லை. எதை வைத்துக்கொள்வது, எதை வெளியே தள்ளுவது என்று நாள் பூராவும் முடிவெடுத்துக்கொண்டிருப்பது அதுதான்.

ஒவ்வொரு கிட்னியிலும் ஏறத்தாழ பத்து லட்சம் நெஃப்ரான்கள். நெஃப்ரான் என்பது ஒரு நுண்ணிய வடிகட்டியும் அதோடு ஒட்டிய நீண்ட குழாயும். வடிகட்டி என்பது தலைமுடியைவிட மெல்லிய ரத்தக் குழாய்களின் முடிச்சு. இத்தாலிக்காரர் மால்பிகி 1660-களிலேயே அதை மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டார். அந்த முடிச்சைச் சுற்றிக் கிண்ணம் மாதிரி ஒரு உறை இருக்கிறது, அதிலிருந்துதான் குழாய் கிளம்புகிறது என்று 1842-ல் சொன்னவர் லண்டனில் பௌமன்.

நாம் நினைப்பது என்ன? கிட்னி அழுக்கை மட்டும் பொறுக்கி எடுத்து வெளியே போடுகிறது, டீ வடிகட்டி மாதிரி என்று. அப்படியில்லை. நம் வீடுகளில் போகிக்கு முந்தின நாள் செய்வதைத்தான் அது செய்கிறது. பீரோ, பாத்திரம், பாய், படுக்கை எல்லாவற்றையும் வாசலில் கொண்டுபோய் வைத்துவிட்டு, வேண்டியதை மட்டும் ஒவ்வொன்றாக உள்ளே எடுத்துக்கொள்வோமே, அது. ரத்த அணுக்களும் பெரிய புரதங்களும் மட்டும் வீட்டுக்குள்ளேயே நிற்கும். தண்ணீர், உப்பு, சர்க்கரை, யூரியா என்று பாக்கி எல்லாம் முதலில் வாசலுக்கு வந்துவிடும்.

எவ்வளவு வருகிறது? ஒரு நாளைக்கு 180 லிட்டர். வீட்டுக்குத் தண்ணீர் கேன் போடுகிறார்களே, இருபது லிட்டர் கேன், அதில் ஒன்பது. உடம்பில் இருக்கும் பிளாஸ்மாவே மூன்று லிட்டர்தான். அதை நாளைக்கு அறுபது தடவை வாசலுக்கும் கூடத்துக்குமாகத் தூக்கிப்போட்டு எடுக்கிறது. அந்த 180 லிட்டரில் ஒன்றரை கிலோ சாப்பாட்டு உப்பு கரைந்திருக்கிறது. சர்க்கரை 150 கிராமுக்கு மேல். குழாய் வழியே போகப் போக, இதையெல்லாம் திரும்ப உள்ளே வாங்கிக்கொண்டு, கடைசியில் ஒன்றரை லிட்டர் சுமாருக்கு வெளியே விடுகிறது. நீங்கள் மேனேஜருக்குப் பயந்து அடக்குவது அந்த ஒன்றரையில் ஒரு பகுதியைத்தான்.

எதற்கு இவ்வளவு வெட்டி வேலை என்று தோன்றும். இதில் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. அழுக்கைப் பொறுக்கும் முறையாக இருந்தால், ஒவ்வொரு அழுக்கையும் கிட்னிக்கு அடையாளம் தெரிந்திருக்க வேண்டும். நேற்று கம்பெனியில் கண்டுபிடித்த மாத்திரை, போன மாசம் மார்க்கெட்டுக்கு வந்த சாயம், இதெல்லாம் அதற்கு எப்படித் தெரியும்? வேண்டியதைத் திரும்ப எடுக்கும் முறையில் அந்தக் கவலை இல்லை. லிஸ்ட்டில் இருந்தால் உள்ளே வா, இல்லாவிட்டால் தெருவோடு போ.

சிலவற்றைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளவும் அதற்குத் தெரியும். பென்சிலின் அப்படி ஒன்று. 1941-ல் ஆக்ஸ்போர்டில் ஒரு போலீஸ்காரருக்கு பென்சிலின் ஊசி போட்டுப் பார்த்தார்கள். கைவசம் இருந்த மருந்தோ சொற்பம். கிட்னி அதை அவசர அவசரமாக வெளியே தள்ளுகிறது. என்ன செய்தார்கள் தெரியுமா? அவருடைய சிறுநீரைப் பிடித்து, சைக்கிளில் லேபுக்குக் கொண்டுபோய், அதிலிருந்து பென்சிலினைப் பிரித்தெடுத்து மறுபடி அவருக்கே போட்டார்கள். தேறிக்கொண்டே வந்தார். மருந்து தீர்ந்தது. இறந்துபோனார்.

சர்க்கரைக்கு வருவோம். ரத்தத்தில் சர்க்கரை 180-ஐத் தாண்டினால் குழாய்களால் முழுவதையும் திரும்ப வாங்க முடியாது. மிச்சம் சிறுநீரில் போகும். போகும்போது தண்ணீரையும் கூட்டிக்கொண்டு போகும். அதனால்தான் சர்க்கரை வியாதிக்கு ஓயாமல் ஒண்ணுக்கு, ஓயாமல் தாகம். எறும்பு மொய்ப்பதை வைத்து நம் வைத்தியர்கள் மதுமேகம் என்று எப்போதோ பெயர் வைத்துவிட்டார்கள். 1776-ல் லிவர்பூலில் மாத்யூ டாப்சன் என்ற டாக்டர் அதைக் காய்ச்சி வற்ற வைத்து, அடியில் தங்கியது சர்க்கரைதான் என்று காட்டினார். எந்த அடுப்பில் காய்ச்சினார், வீட்டில் என்ன சொன்னார்கள் என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை.

தயாரான சரக்கு கால் மீட்டர் நீளமுள்ள இரண்டு குழாய்கள் வழியாகச் சொட்டுச் சொட்டாகச் சிறுநீர்ப்பைக்கு இறங்குகிறது. புவியீர்ப்பை நம்பி இல்லை. குழாய் தானே அலை அலையாகச் சுருங்கித் தள்ளும். நீங்கள் சிரசாசனத்தில் நின்றாலும் டெலிவரி நடக்கும். பையில் 150, 200 மில்லி சேர்ந்ததும் லேசாக ஒரு ஞாபகப்படுத்தல். 400-ஐத் தாண்டினால் அது வேண்டுகோள் இல்லை, உத்தரவு. கீழே இரண்டு கதவு. உள்கதவு தானியங்கி. வெளிக்கதவின் சாவி மட்டும் நம்மிடம். அதையும் இரண்டு மூன்று வயதில் அம்மா திட்டித் திட்டித்தான் கற்றுக்கொள்கிறோம்.

கதவைத் திறந்தால் எவ்வளவு நேரம்? அமெரிக்காவில் ஜார்ஜியா டெக் ஆராய்ச்சியாளர்கள் மிருகக்காட்சி சாலைக்குப் போய் வீடியோ எடுத்தார்கள். மூன்று கிலோவுக்கு மேற்பட்ட பாலூட்டிகள், ஆடோ யானையோ, சராசரியாக 21 செகண்டில் வேலையை முடிப்பதாக 2014-ல் பிரசுரித்தார்கள். யானையின் பை பெரிது, குழாயும் அகலம், நீளம். அதனால் வேகமும் அதிகம். மறு வருஷம் இதற்கு 'இக் நோபல்' என்ற கிண்டல் பரிசு கிடைத்தது. சேலத்து மேனேஜர் இதைப் படிக்க நேர்ந்தால், ஏழு தடவைக்கும் சேர்த்து மொத்தம் இரண்டரை நிமிஷம்தான் என்பதைக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அடக்கினால் என்ன ஆகும்? மீட்டிங்கில் ஒரு மணி நேரம் அடக்கியதால் ஆரோக்கியமான கிட்னி எதுவும் போய்விடாது. பழக்கமாகவே அடக்கினால் பையில் கிருமி வளர நேரம் கிடைக்கும். அதைவிட மோசம், போக வேண்டியிருக்குமே என்று தண்ணீரே குடிக்காமல் இருப்பது. மே மாத வெயிலில் பைக்கில் சுற்றும் ரெப்புகள், பஸ் டிரைவர்கள், துணிக்கடையில் நின்றுகொண்டே வேலை பார்க்கும் பெண்கள் எல்லாம் இதைத்தான் செய்கிறார்கள். கடைகளில் வேலை செய்பவர்கள் உட்கார ஒரு இருக்கை வேண்டும் என்பதற்கே தமிழ்நாட்டில் 2021-ல் சட்டம் போட வேண்டியிருந்தது. பாத்ரூம் கேட்டு எந்தப் பெண் முதலாளி முன்னால் நிற்பாள்?

தண்ணீர் குறைந்தால் உப்புகள் கெட்டியாகிக் கல்லாகும். பெரும்பாலும் கால்சியம் ஆக்ஸலேட். 'கால்சியமா? இனி பாலே வேண்டாம்' என்று நிறுத்துகிறார்கள். தப்பு. சாப்பாட்டில் இருக்கும் கால்சியம், ஆக்ஸலேட்டைக் குடலிலேயே கட்டிப்போட்டுவிடும். பாலைக் குறைத்தால் கல் கூடத்தான் செய்யும். குறைக்க வேண்டியது உப்பை. ஐந்து மில்லி மீட்டருக்கு உட்பட்ட கல் அநேகமாகத் தானே வெளியேறிவிடும். வாழைத்தண்டு ஜூஸ் அந்தச் சமயம் பார்த்து வந்து பெயரைத் தட்டிக்கொண்டு போகும். பெரிய கல்லை வெளியிலிருந்தே அதிர்வலையால் உடைக்கும் முறை 1980-ல் மியூனிக்கில் ஆரம்பமானது. வேகமாகப் பறக்கும் விமானத்தில் மழைத்துளி மோதினால் என்ன சேதாரம் என்று ஆராய்ந்துகொண்டிருந்த விமானக் கம்பெனி கொடுத்த ஐடியா அது.

கல் வந்தவரைப் பார்த்துப் பரிதாபப்படுகிறோம். ஒரு விதத்தில் அவர் அதிர்ஷ்டசாலி என்பேன். வலிக்கிறது, ஓடுகிறார், பார்த்துவிடுகிறார்கள். கிட்னியின் பெரிய வியாதிகள் வலிப்பதே இல்லை.

என் நண்பர் ஒருவர். அப்போது வயது 31. கல்யாணமாகி ஒரு வருஷம். சிகரெட் கிடையாது, தண்ணி கிடையாது. அடிக்கடி தலைவலி மட்டும். மெடிக்கல் ஷாப்பில், "அண்ணே, எப்பவும் வாங்கறது ரெண்டு கொடுங்க" என்று கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்வார். கடைக்காரர் பெயர் கேட்காமல் கொடுத்துவிடுவார். வீட்டு லோனுக்காக இன்ஷூரன்ஸ் எடுக்கப் போன இடத்தில் பிரஷர் பார்த்தார்கள். 180/110. மெஷின் சரியில்லையென்று வேறு மெஷினில் பார்த்தார்கள். அதே. சிறுநீரில் புரதம். ரத்தத்தில் கிரியாட்டினின் 5.2.

கிரியாட்டினின் என்பது தசைகளில் தினமும் உண்டாகும் கழிவு. ஒன்றை ஒட்டி இருக்க வேண்டும். 5.2 என்றால் பத்தில் ஒரு பங்கு, அதிகம் போனால் கொஞ்சம் கூடத்தான் கிட்னி வேலை செய்கிறது என்று அர்த்தம். அவர் டாக்டரிடம் கேட்ட கேள்வி இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. "எனக்கு ஒண்ணுமே இல்லையே டாக்டர். நல்லா ஒண்ணுக்குப் போறேனே?"

"தண்ணி போகுது தம்பி. அழுக்கு போகலை" என்றார் டாக்டர்.

இதுதான் விஷயம். இரண்டில் ஒன்றை எடுத்துத் தானம் கொடுத்துவிட்டு எத்தனையோ பேர் சுகமாக வாழ்கிறார்கள். அவ்வளவு ஸ்பேர் வைத்துப் படைத்திருக்கிறது. சில லட்சம் நெஃப்ரான் செத்தால் பக்கத்தில் இருப்பவை ஓவர்டைம் பார்க்கும். வீட்டுக்கே தெரியாமல் கடனை அடைத்துக்கொண்டிருக்கும் அப்பா மாதிரி. பாதிக் கிட்னி போகிற வரைக்கும் கிரியாட்டினின்கூட நார்மலில் நின்று ஏமாற்றும். கால் வீக்கம், வாந்தி, மூச்சு வாங்கல் எல்லாம் அநேகமாகக் கடைசி அத்தியாயத்தில்தான்.

எது முதலில் என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை. பிரஷர் கிட்னியைக் கெடுக்கும். கெட்ட கிட்னி பிரஷரை ஏற்றும். (பிரஷரைச் சரிபார்க்கும் ஹார்மோனைச் சுரப்பதும் கிட்னிதான். சிவப்பணு தயாரிக்க எலும்பு மஜ்ஜைக்கு ஆர்டர் கொடுப்பதும் அதுதான். அவர் வெளிறிப்போயிருந்ததற்குக் காரணம் அது.) நடுவில் அந்த வலி மாத்திரைகள். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபன் வகையறாக்கள் கிட்னிக்கு வரும் ரத்தத்தைக் குறைப்பவை. என்றைக்கோ ஒன்று போட்டால் ஆரோக்கியமான ஆள் தாங்குவார். தினமும் என்றால், அதுவும் தண்ணீர் குடிக்காமல் என்றால், கஷ்டம்.

ஒன்றரை வருஷம் டயாலிசிஸ். வாரத்துக்கு மூன்று நாள், நாலு நாலு மணி நேரம். ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். அசல் கிட்னி அத்தனை நேரமும் செய்வதை மெஷின் பன்னிரண்டில் செய்து முடிக்கப் பார்க்கிறது. குடிக்கும் தண்ணீருக்கு அளவு. இளநீர், வாழைப்பழம் கூடாது, பொட்டாசியம். அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசமாகச் செய்கிறார்கள், காப்பீட்டுத் திட்டமும் இருக்கிறது. போய் வருகிற நாட்களுக்கு லீவு யார் கொடுப்பது? வேலை போயிற்று. லோன் கிடைக்கவில்லை.

இந்த மெஷினின் மூதாதையை 1943-ல், ஜெர்மானியர் பிடியில் இருந்த ஹாலந்தில், வில்லம் கோல்ஃப் என்ற டாக்டர் செய்தார். உருளும் ஒரு டிரம்மில், இறைச்சி சாஸேஜ் அடைக்கும் செல்லோஃபேன் உறையைச் சுற்றி, அதற்குள் ரத்தத்தை ஓடவிட்டார். முதல் இரண்டு வருஷம் வந்தவர்கள் அநேகமாக யாரும் பிழைக்கவில்லை. 1945 செப்டம்பரில் 67 வயது அம்மாள் ஒருவர் கண் விழித்தார். அதற்குப் பிறகுதான் உலகம் நம்பியது. 1954-ல் பாஸ்டனில் ஜோசப் முர்ரே இரட்டையரில் ஒருவரின் கிட்னியை மற்றவருக்கு வைத்து வெற்றி பெற்றார். 1971-ல் வேலூர் சி.எம்.சி.யில் நம் ஊருக்கும் வந்தது. அப்புறம் வறுமையில் இருந்தவர்கள் கிட்னி விற்ற கதைகளும் வந்தன. 1994-ல் அதைத் தடுக்கச் சட்டமும் வந்தது.

நண்பருக்குக் கொடுத்தது அவர் அம்மா. 56 வயது. "பத்து மாசம் சுமந்தேன், இது என்ன பிரமாதம்" என்று சொல்லிவிட்டு ஸ்ட்ரெச்சரில் ஏறிப் படுத்தார். இப்போது இருவரும் நன்றாக இருக்கிறார்கள். அவருக்கு மட்டும் ஆயுள் முழுக்க, தினமும் நேரம் தவறாமல் மாத்திரை.

முன்பெல்லாம் சீக்கிரம் கண்டுபிடித்து என்ன செய்ய என்று கேட்க இடமிருந்தது. இப்போது இல்லை. பிரஷர் மாத்திரைகளிலேயே கிட்னியைக் காப்பாற்றும் ரகம் இருக்கிறது. டபாகிளிஃப்லோசின் என்று ஒரு வகை வந்திருக்கிறது. வாசலில் வைத்த சர்க்கரையைத் திரும்ப உள்ளே எடுக்காதே என்று குழாய்களைத் தடுப்பது. இதற்கு மூலம் 1835-ல் ஆப்பிள் மரப்பட்டையிலிருந்து எடுத்த ஒரு சரக்கு. சர்க்கரை வியாதிக்கென்று வந்தது, சர்க்கரை இல்லாத கிட்னி நோயாளிகளுக்கும் சிதைவை மெதுவாக்குகிறது. பல வருஷம் தள்ளிப்போடலாம். ஆனால் மிச்சம் இருந்தால்தானே.

'கிட்னியைச் சுத்தம் செய்யும் பவுடர்' என்று விளம்பரம் வருகிறது. சுத்தம் செய்வதே அதன் வேலை. வண்ணானின் வேட்டியை வெளுக்க உங்களுக்கு எதற்கு ஆசை? அதைவிடப் பயங்கரம் ஒன்று. 2023-ல் கேரளாவில் மலப்புரம் மாவட்டத்தில் கிட்னி கெட்டு வந்த இளவயதுக்காரர்களை விசாரித்ததில், பொதுவாக அகப்பட்டது முகம் வெளுக்கத் தடவும் கிரீம். அதில் பாதரசம். ஊர் பேர் தெரியாத டப்பாவை மூஞ்சியில் அப்பிக்கொள்ளும் தம்பிகள் கவனிக்கவும்.

மஞ்சளாகப் போனால் பயப்படாதீர்கள். பழைய சிவப்பணுக்கள் சிதைந்து வரும் நிறம் அது. பி காம்ப்ளெக்ஸ் போட்டால் எலுமிச்சை நிறத்தில் பளபளக்கும், அதுவும் சும்மா. அடங்காத நுரை, ரத்தச் சிவப்பு, இரண்டும் சும்மா இல்லை.

வீட்டில் அப்பா அம்மாவுக்குச் சர்க்கரையோ பிரஷரோ கிட்னிக் கோளாறோ இருந்தால், உங்களுக்கு இருபத்தைந்தே வயதானாலும், வருஷத்துக்கு ஒரு தடவை பிரஷர் பாருங்கள். கிரியாட்டினினும், சிறுநீரில் ஆல்புமினும் பார்க்கச் சொல்லுங்கள். ரிப்போர்ட்டில் இ.ஜி.எஃப்.ஆர். என்று ஒரு எண் இருக்கும். 90-க்கு மேல் என்றால் நிம்மதி. மூன்று மாதம் தொடர்ந்து 60-க்குக் கீழே நின்றால் அது நாட்பட்ட கிட்னி நோய். நன்றாக இருக்கும் உங்கள் எண்ணை இன்றே எழுதி வையுங்கள். நாளைக்கு ஒப்பிட அதுதான் வேண்டும். ஆல்புமினுக்கு, காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீர்தான் சிறந்த சாம்பிள். முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடியுங்கள். முந்தின நாள் ஜிம்மில் பிளந்து கட்டியிருந்தாலோ காய்ச்சல் இருந்தாலோ புரதம் எட்டிப் பார்க்கும். ஒரு வாரம் விட்டு மறுபடி கொடுங்கள். அப்போதும் இருந்தால், வழக்கமான மெடிக்கல் ஷாப் அண்ணனைத் தாண்டி, ஒரு டாக்டரிடம் போங்கள்.